கரன்ட் இல்லையா... 20 சதவிகித சார்ஜை நீட்டிக்கும் வழிகள்!

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ம் தேதி அதிகாலை, டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப்போட்டது கஜா புயல். மின்கம்பங்கள் சாய்ந்ததால், பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் ‘நல்லா இருக்கோம்’ என்று சொல்லக்கூட செல்போனில் சார்ஜ் இல்லாமல் தவித்தவர்கள் பலர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மிச்சமிருக்கும் சார்ஜை எப்படிச் செலவு செய்வது என்று ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

டவர் தேடும் போன்

பேசாமல், தொடாமல் வைத்திருந்தாலும் சார்ஜ் இறங்குகிறதா? சிக்னல்தான் காரணம். புயலில் டவர்கள் செயலிழந்தால், போன் தொடர்ந்து டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். தூரத்து டவருடன் தொடர்புகொள்ளவும் அதிக சக்தி செலவாகும். அதனால், சிக்னல் இல்லாத நேரத்தில் ‘ஏரோபிளேன் மோட்’ போட்டுவிடுங்கள். இரண்டு சிம் இருந்தால், டவர் கிடைக்காத சிம்மை மட்டும் அணைத்துவிடலாம்.

ஏரோபிளேன் மோடில் அழைப்புகள் வராது. எனவே, ‘காலை 7 மணி, மாலை 6 மணிக்குப் பத்து நிமிஷம் போன் ஆன்ல இருக்கும்’ என்று உறவினர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். வீட்டில் இரண்டு போன் இருந்தால், ஒன்றை அணைத்து வைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் பயன்படுத்துங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

* பேட்டரி சேவரை ஆன் செய்து, திரை வெளிச்சத்தைக் குறையுங்கள்.

* மொபைல் டேட்டா, வைஃபை, புளூடூத், லொகேஷன், ஹாட்ஸ்பாட் எல்லாவற்றையும் அணையுங்கள்.

* வாட்ஸ்அப்புக்குப் பதில் எஸ்.எம்.எஸ் அனுப்புங்கள். சிக்னல் குறைவாக இருந்தாலும் போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

* செல்போனை டார்ச்சாகப் பயன்படுத்த வேண்டாம். மாட்டுக் கொட்டகைக்குத் தனி டார்ச் லைட் இருக்கட்டும்.

* முக்கியமான எண்களை நோட்டில் எழுதிவையுங்கள். போன் அணைந்தாலும் அடுத்தவர் போனில் பேசலாம்.

டிராக்டரில் சார்ஜ் போடலாமா?

போடலாம். ஆனால், டிராக்டர் பேட்டரி 12 வோல்ட், சாதாரண யு.எஸ்.பி சார்ஜர் கொடுப்பது 5 வோல்ட். பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் இழுத்துக் கொடுத்தால் போன் கெட்டுப்போகும், தீப்பிடிக்கவும் கூடும். கார் சார்ஜர் மூலமாகத்தான் சார்ஜ் போட வேண்டும். ஏரோபிளேன் மோடில் வைத்து, திரையை அணைத்துவிட்டால் சீக்கிரம் ஏறும்.

பவர் பேங்க் வைத்திருப்பவர்கள், புயல் எச்சரிக்கை வந்ததுமே முழுமையாக சார்ஜ் செய்துவிடுங்கள். 10,000 எம்.ஏ.ஹெச் பவர் பேங்க், 5,000 எம்.ஏ.ஹெச் போனை இரண்டு முறை நிரப்பாது. ஒரு முறை முழுமையாக ஏற்றிய பிறகு, கொஞ்சம் மிச்சமிருக்கும். மழையில் நனைந்த போனை, நன்றாகக் காயும் வரை சார்ஜில் போடக் கூடாது.

கடைசி 5 சதவிகிதம்

இதை அவசரத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும், அருகில் வேறு நிறுவனத்தின் டவர் வேலை செய்தால் அதன் வழியாக 112-க்கு அழைப்பு போகும். ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. இந்த நான்கு எண்களையும் இன்றே வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள்!