ஆம்ப்ளிஃபயர் முகப்பில் எழுத்து எப்படி அழியாமல் நிற்கிறது?

வீட்டில் செய்த ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் ஸ்டிக்கர் எழுத்து ஒட்டினால், வால்யூம் குமிழைத் திருகும் விரல்களின் வியர்வையும் எண்ணெயும் நாளடைவில் அதை அரித்துவிடும். சில கருவிகளில் மட்டும் எழுத்து ஏன் மங்குவதே இல்லை?

அனோடைஸ் செய்த அலுமினியம்தான் காரணம். நீர்த்த கந்தக அமிலத்தில் தகட்டை நேர்மின்வாயாக்கி மின்சாரம் செலுத்தினால், அதன் மேற்பரப்பே ஆக்சைடாக மாறுகிறது. அதில் தேனடை போல் நுண்துளைகள். சாயம் அவற்றுக்குள் இறங்கும். பிறகு கொதிநீரில் போட்டால் ஆக்சைடு நீரை ஏற்று உப்பி, துளை வாயை மூடிவிடும். சாயம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். எழுத்தைப் பொறிக்க இந்தத் தகட்டின் மேல் லேசரைச் செலுத்துவார்கள்; அது படும் இடத்தில் அந்தச் சாயம் வெளுத்து, கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து தெரியும்.

இப்படிப் பொறிக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசரின் பாச்சா வெறும் அலுமினியத்திடம் பலிக்காது. லேசர் ஒளியை அலுமினியம் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே, சாயமேற்றி அனோடைஸ் செய்த தகடுதானா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் அமில விளையாட்டு வேண்டாம்.