வெள்ளியங்கிரி ஏறியவருக்கும் லடாக் புதுசுதான்

பல்லடம்–தாராபுரம் சாலையில், குண்டடத்தில் விடிகாலை நின்றால் பனியன் கம்பெனி வேன்கள் ஒவ்வொன்றாக ஆள் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். ஜன்னலோரம் செல்போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பிள்ளைகளின் திரையில் பாங்காங் ஏரியோ கேதார்நாத் கோயிலோ ஓடிக்கொண்டிருக்கும். முன்பு முதல் பெரிய பயணம் என்றால் ஊட்டி, கொடைக்கானல். இப்போது நேராக இமயமலைதான்.

போகட்டும், நல்லதுதான். ஆனால் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் உடனே பதில் வருகிறது: "வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி எறங்கியாச்சுங்க, லடாக்கென்ன பெரிசு?" இந்தத் தைரியத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

எட்டாயிரம் அடிக்கு மேலே

வெள்ளியங்கிரியின் ஏழாவது மலை சுமார் 6,000 அடி உயரம். அங்கே மூச்சு வாங்குவது செங்குத்தான படியாலும், தூக்கமில்லாமல் இரவெல்லாம் ஏறுவதாலும். உயர்மலை நோய் என்பது வேறு. அது பெரும்பாலும் 8,000 அடிக்கு, அதாவது 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும். லே நகரம் 3,500 மீட்டர், கேதார்நாத் 3,583 மீட்டர், கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர். நம் ஊர் சுமார் 300 மீட்டரில் இருக்கிறது.

மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். அதனால் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன், லேயில் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. கர்துங் லாவில் ஏறக்குறைய பாதி. உடம்பு இதற்கு ஈடுகொடுக்கும்: மூச்சு வேகமாகும், இதயம் கூடுதலாகத் துடிக்கும், சிறுநீரகம் ரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்யும். இந்த வேலைக்குச் சில நாட்கள் பிடிக்கும். ஜிம்முக்குப் போகிற உடம்பும், கபடி ஆடுகிற உடம்பும் இதை வேகமாகச் செய்துவிடாது. திடகாத்திரமான இளைஞர்கள் வேகமாக ஏறி, தலைவலியையும் பொறுத்துக்கொள்வதால் அவர்களுக்கே ஆபத்து கூடுகிறது என்றுகூடச் சொல்லலாம். 2024 ஆகஸ்டில் மோட்டார் சைக்கிளில் லடாக் போன இருபதுகளில் இருந்த ஓர் இளைஞர், தலைவலியில் தொடங்கி லேயில் உயிரிழந்த செய்தி பலருக்கும் நினைவிருக்கும்.

லீவு குறைவு, ஏற்றம் அதிகம்

கம்பெனிகள் மொத்தமாக மூடுவது தீபாவளிக்கு. கேதார்நாத்திலோ தீபாவளியை ஒட்டியே நடை சாத்திவிடுவார்கள். லடாக் சாலைகளில் பனி விழத் தொடங்கிவிடும். ஆகவே ஜூனிலிருந்து செப்டம்பருக்குள், ஆர்டர் நெருக்கடிக்கு நடுவே கெஞ்சிக் கேட்டு லீவு வாங்க வேண்டியிருக்கிறது. கிடைப்பது ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதற்கு முந்தைய வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்து, தூக்கம் கெட்ட உடம்போடு ரயிலோ விமானமோ ஏறுகிறார்கள். டெல்லியில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் லே. அன்று மாலையே சாந்தி ஸ்தூபிப் படிக்கட்டில் போட்டோ, மறுநாள் கர்துங் லா. உடம்புக்கு இதைவிடக் கொடுமையான ஓவர்டைம் இல்லை.

லேயில் இறங்கியதும் 48 மணி நேரம் ஓய்வு எடுக்கும்படி லடாக் நிர்வாகமே கேட்டுக்கொள்கிறது. ஓய்வு என்றால் அறையில் படுத்திருப்பது, மெல்ல நடப்பது, தண்ணீர் குடிப்பது. கடைவீதியில் சுற்றுவது அல்ல. 3,000 மீட்டருக்கு மேலே போனால், ஒரு நாள் தூங்கிய உயரத்தைவிட அடுத்த நாள் தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொதுவிதி. பகலில் இன்னும் மேலே போய்வரலாம், படுக்கக் கீழே வந்துவிட வேண்டும்.

பைக்கில் போகிறவர்கள் ஸ்ரீநகர்–கார்கில் வழியைத் தேர்ந்தெடுத்தால் ஏற்றம் நிதானமாக இருக்கும்; கார்கில் 2,700 மீட்டருக்குள்தான். மணாலி வழியில் இரண்டாம் இரவே 4,200 மீட்டருக்கு மேலுள்ள சர்ச்சுவில் கூடாரம் போட்டுப் படுத்து அவதிப்பட்டவர்கள் ஏராளம். கேதார்நாத்துக்கும் இதே கணக்குதான். கௌரிகுண்டிலிருந்து ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏற்றம். முந்தைய இரவுகளைக் குப்தகாசியிலோ சோன்பிரயாகிலோ கழித்துவிட்டு ஏறுவது மேல்.

எப்போது இறங்குவது

தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி, தூக்கம் வராமை: இவை ஆரம்பம். இந்த நிலையில் மேலே ஏறவே கூடாது. இருக்கும் இடத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். ஒரு நாளில் குறையாவிட்டால் கீழே இறங்க வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால், இருமலில் இளஞ்சிவப்பு நுரை வந்தால், நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டாவது முதல் நான்காவது இரவுக்குள் இது வரும். பேச்சு குழறினால், ஆள் குழம்பினால், ஒரு கோட்டின் மேல் குதிகாலும் விரலும் தொட நடக்கச் சொல்லும்போது தள்ளாடினால் மூளையில் வீக்கம். இரண்டுமே உயிர்போகும் அவசரம். விடியட்டும் என்று காத்திருக்காமல், துணையோடு உடனே இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும். லேயில் சோனம் நர்பூ நினைவு மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை பழகிய மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவசர எண் 112. நம் ஊர் பிரீபெய்டு சிம் லடாக்கிலும் காஷ்மீரிலும் வேலை செய்யாது. கூட்டத்தில் இரண்டு பேராவது போஸ்ட்பெய்டு வைத்திருக்க வேண்டும்.

கூட்டத்தில் ஒருவனுக்கு முடியவில்லை என்றால் "நீ ரூம்ல படு, நாங்க பாத்துட்டு வந்தர்றோம்" என்று விட்டுப் போவதுதான் நடக்கிறது. கூடாது. ஒருவர் உடன் இருந்தே ஆக வேண்டும்.

கற்பூரம், டப்பா, மாத்திரை

கற்பூரத்தை முகர்ந்தால் மூச்சு கூடும் என்பது யாத்திரைப் பாதையெங்கும் விற்கப்படும் நம்பிக்கை. ஆக்சிஜன் அளவை அது கூட்டாது. கடையில் வாங்கும் சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களுக்கே வரும். அதை நம்பி மேலே ஏறுவது முட்டாள்தனம். அசெட்டசோலமைடு மாத்திரை உண்மையிலேயே உதவும். ஆனால் சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆகாது. விரல் நுனி மரமரக்கும், சிறுநீர் அதிகம் போகும். டாக்டர் சீட்டில்லாமல் வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் இரவில் மூச்சை மந்தமாக்கும். முதல் இரண்டு இரவு பாட்டிலைத் திறக்காமல் இருக்க முடியாதவர் ஊட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் ஊரிலேயே

குண்டடம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். பெண்கள் கடைசியானதை விடவே கூடாது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏற்கெனவே குறைவாக உள்ளவர், ஆக்சிஜன் குறைந்த இடத்துக்குப் போனால் இரட்டைச் சுமை. இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்ய வாரங்கள் ஆகும் என்பதால், டிக்கெட் போடும்போதே சோதனையும் செய்துவிட வேண்டும்.

பஞ்சுத் தூசிக்கு நடுவே வேலை பார்த்து வீசிங் வருகிறவர்களுக்கு மலையின் குளிர்ந்த உலர்காற்று அதைக் கிளப்பிவிடும். இன்ஹேலர் பெட்டிக்குள் அல்ல, சட்டைப்பையில் இருக்கட்டும். இதயக்கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் புறப்படவே வேண்டாம்.

வயிறும் நாயும்

பெரும்பாலான பயணங்களைக் கெடுப்பது மலை அல்ல, வயிறு. சூடாகச் செய்ததைச் சாப்பிடுங்கள். சாலையோரச் சட்னியையும் வெட்டி வைத்த பழத்தையும் தவிருங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படி உள்ள ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அந்தப் பெயரில் டெட்ரா பாக்கெட்டில் விற்ற சர்க்கரைப் பானங்களுக்கு, இனி அந்தப் பெயர் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பழைய சரக்கு இன்னும் கடையில் தொங்கினால் வாங்காதீர்கள்.

லேயில் தெருநாய்கள் அதிகம். கோயில் மலைகளில் குரங்குகள். கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் அந்த நாள், பிறகு 3, 7, 28-வது நாட்கள். பயணம் முடிந்து வந்தபின் மீதி ஊசியை நம் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம். அங்கே கொடுத்த சீட்டைத் தொலைத்துவிடாமல் கொண்டுவர வேண்டும்.