முத்தக் காட்சியால் வரலாற்றில் நிலைத்த ‘ஸ்டார் டிரெக்’ அத்தியாயம்

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1968 நவம்பர் 22-ஆம் தேதி ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் ‘பிளேட்டோஸ் ஸ்டெப்சில்ட்ரன்’ அத்தியாயம், கதையமைப்பில் சீரற்றதாக இருப்பினும் தொலைக்காட்சி வரலாற்றில் தனியிடம் பெற்றுள்ளது.

மன ஆற்றலால் பிறரை இயக்கும் வேற்றுக்கிரகவாசிகள், விண்கலக் குழுவினரைப் பொம்மைகளைப் போல ஆட்டுவிப்பதே கதை. கேப்டன் கிர்க் குதிரையைப் போலக் கனைப்பது உள்ளிட்ட காட்சிகள் நீண்டுகொண்டே செல்வது இதன் பலவீனம்.

கிர்க்காக நடித்த வெள்ளையரான வில்லியம் ஷாட்னரும், உஹுராவாக நடித்த கருப்பினத்தவரான நிஷெல் நிக்கோல்ஸும் முத்தமிடும் காட்சியே இதற்குப் புகழ் சேர்த்தது. கலப்பினத் திருமணத்துக்கு எதிரான மாநிலச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-இல்தான் ரத்து செய்திருந்தது. இதனால், தென் மாநிலங்களில் எதிர்ப்பு எழக்கூடும் என்று தொலைக்காட்சி நிர்வாகிகள் அஞ்சினர்.

முத்தமில்லாத மாற்றுக் காட்சியும் படமாக்கப்பட்டது. அதில் ஷாட்னர் வேண்டுமென்றே மாறுகண்ணுடன் நடித்து, அதைப் பயன்படுத்த முடியாதபடி செய்ததாக நிக்கோல்ஸ் தமது சுயசரிதையில் குறிப்பிட்டுள்ளார்.

தொலைக்காட்சியில் இடம்பெற்ற முதல் கலப்பின முத்தம் இதுவே என்று கூறப்படுவது சரியல்ல. பிரிட்டனில் 1962-இலேயே ஒரு நாடகத்தில் அத்தகைய காட்சி ஒளிபரப்பானது. மேலும், கதையில் இருவரும் விருப்பத்துடன் அன்றி, கட்டாயத்தின் பேரிலேயே முத்தமிடுகின்றனர். அந்தத் துணிச்சலுக்குள்ளும் அக்காலத்தின் தயக்கம் வெளிப்படுகிறது.