ஓசியாவின் மனைவி: யூத அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்?

ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் ஓசியா புத்தகத்தைத் திறந்தால் முதல் அதிகாரமே திடுக்கிட வைக்கும். ஒழுக்கம் தவறிய பெண்ணை மணந்துகொள் என்று கடவுளே தம் தீர்க்கதரிசிக்குச் சொல்கிறார். அவரும் திப்லாயிமின் மகள் கோமேரை மணக்கிறார். மூன்று பிள்ளைகள் பிறக்கிறார்கள். சிறுவர்களோடு வாசிக்கும்போது இந்த இடத்தைத் தாண்டிப் போக மனம் வரும். தாண்ட வேண்டாம்.

ஓசியா கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வட இஸ்ரவேலில் வாழ்ந்தவர். மக்கள் பாகால் வழிபாட்டில் சாய்ந்திருந்த காலம். துரோகம் செய்த மனைவி அந்த மக்களைக் குறிக்கிறாள். கல்யாணம் மெய்யாகவே நடந்ததா என்பதில்தான் யூத அறிஞர்கள் பிரிகிறார்கள். தார்கூம் என்ற பழைய அரமேய மொழிபெயர்ப்பு கல்யாணத்தையே எடுத்துவிட்டு, அதை வெறும் தீர்க்கதரிசன வார்த்தையாக்கிவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் இப்னு எஸ்ராவும் மைமோனிடிஸும் இது தரிசனத்தில் கண்டது என்றார்கள். 15ஆம் நூற்றாண்டில் பிறந்த அபர்பனேல் அதை மறுத்து, எழுதியபடியே நடந்தது என்றார்.

என் மனதைத் தொட்டது யூத ரபிகளின் விளக்கத் தொகுப்பான தல்மூதில், பெசாகிம் பகுதியில் உள்ள விளக்கம். உன் பிள்ளைகள் பாவம் செய்தார்கள் என்று கடவுள் ஓசியாவிடம் சொல்கிறார். அவர்கள் உம்முடைய பிள்ளைகள், இரங்கும் என்று அவர் மன்றாடியிருக்க வேண்டும். அவரோ, உலகமே உம்முடையது, வேறு ஜனத்தை எடுத்துக்கொள்ளும் என்றார். அதனால்தான் அந்தக் கல்யாணம். பிள்ளைகள் பிறந்த பின், மனைவியைவிட்டுப் பிரிந்திரு என்று கடவுள் சொல்கிறார். எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களே, அவளை எப்படி அனுப்புவேன் என்கிறார் ஓசியா. பிள்ளைகுட்டி ஆனபிறகு பிரிவதா என்று நம் லயத்துப் பெரியவர்கள் கேட்கும் அதே கேள்வி. உன் பிள்ளைகள்தானா என்றே தெரியாத உனக்கே இப்படி என்றால், ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபின் பிள்ளைகளை நான் எப்படி மாற்றுவேன் என்கிறார் கடவுள். ஓசியா தம் தவறை உணர்ந்து மன்றாடுகிறார்.

இங்கே பாடம் கற்றவர் கோமேர் அல்ல, தீர்க்கதரிசிதான். தீர்க்கதரிசி மக்களுக்காகப் பரிந்து பேச வேண்டும் என்பதுதான் இந்தத் தல்மூது விளக்கத்தில் நான் காணும் பாடம். இதுவே சரியான வாசிப்பு என்பது என் முடிவு.

இன்றும் யூதர்கள் காலைத் தொழுகையில் தெபில்லின் எனப்படும், வேத வசனங்கள் அடங்கிய சிறு பெட்டியின் தோல் வாரை நடுவிரலில் மூன்று முறை சுற்றும்போது, உன்னை என்றென்றைக்கும் எனக்கு நிச்சயித்துக்கொள்வேன் என்ற பொருளில் ஓசியா 2ஆம் அதிகாரத்தில் வரும் வசனங்களைத்தான் சொல்கிறார்கள்.