கள்ளக்கடலும் கரையோர இளைஞரும்

காற்றடங்கித் தெளிந்த நாளொன்றில் கடல் திடீரெனப் பொங்கிக் கரையேறி, வலைகளையும் வள்ளங்களையும் வாரிச் செல்லுதல் உண்டு. திருவனந்தபுரம் கடலோர மக்கள் இதனைக் 'கள்ளக்கடல்' என்பர். கள்ளனைப்போல் அறிவிப்பின்றி வருவதால் ஏற்பட்ட இப்பெயரை விஞ்ஞானிகளும் ஏற்றுக்கொண்டுள்ளனர்.

இதன் காரணம் அருகில் இல்லை. தென் சமுத்திரப் புயல்கள் எழுப்பும் நீண்ட அலைகள் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து, சில தினங்களுக்குப்பின் நம் கரையை அடைகின்றன. ஆகவே உள்ளூர் வானத்தை நோக்கி இதனை அறிதல் இயலாது. எனினும், தொலைவிலுள்ள புயலைக் கண்டறிந்துவிட்டால் எச்சரிப்பதற்குப் போதிய அவகாசம் உண்டு. ஐதராபாத்திலுள்ள இந்திய தேசீய சமுத்திரத் தகவற் சேவை மையம் அவ்வாறே எச்சரித்து வருகிறது. புவி வெப்பத்தால் கடல் மட்டம் உயர உயர, அதே அளவுள்ள அலை முன்னிலும் உள்ளே புகும் என்பதையும் கருதவேண்டும்.

ஆயினும் எச்சரிக்கை வெளியாவது வேறு. உரியவரைச் சென்றடைவது வேறு. 2017 நவம்பர் 30ந் தேதி ஒக்கி புயலாக வலுப்பெற்றபோது, மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். 2024 மே 6ந் தேதி, கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பிலிருந்தபோதே, கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர் அலையில் சிக்கி இறந்தனர். கணிப்பு இருந்தது, உயிர்கள் காக்கப்படவில்லை.

இவ்விடைவெளியை நிரப்பவே திருவனந்தபுரத்தில் 'ரேடியோ மன்சூன்' என்னும் சேவை தோன்றியது. மீனவக் குடும்பத்து இளைஞர் முதலானோர், காற்று, அலை பற்றிய முன்னறிவிப்பை மலையாளத்தில் வாசித்து, ஒலிபெருக்கி வாயிலாகவும் தொலைபேசி வாயிலாகவும் பரப்பினர். எழுத்தறிக்கையினும் குரல் மேலானதென்பது நமது கருத்து. ஈரக் கையுடன் வலை இழுப்பவர் காகிதத்தை எங்ஙனம் பிடிப்பார்?

வாசிப்பவர் பொருளறிந்து வாசித்தல் இன்றியமையாதது. 'வடமேற்குக் காற்று' என்றால் வடமேற்கிலிருந்து வீசுவது. வடமேற்கு நோக்கிச் செல்வதன்று. மாணவர் பெரும்பாலும் தடுமாறுமிடம் இதுவே. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற நம் கரையோரப் பெயர்களைக்கொண்டு ஆசிரியர்கள் இதனை எளிதில் விளக்கலாம். அலையுயரம் இன்னும் கவனத்திற்குரியது. அறிக்கையில் காணும் உயரம் மிகப்பெரிய அலையினுடையதன்று. அலைகளுள் உயர்ந்த மூன்றிலொரு பங்கின் சராசரியேயாம். 2 மீட்டர் என்று அறிவித்த நாளில், ஏறத்தாழ 4 மீட்டர் உயர அலையும் இடையிடையே எழக்கூடும்.