வடதுருவத்திலிருந்து வரும் விருந்தினர்

ஐப்பசி முதல் பங்குனிவரை, மண்டபம், இராமேசுவரம் கரைகளில் நீர் வற்றும் வேளையில் சென்று பாருங்கள். கொசு உள்ளான் என்னும் சிறு பறவைகள் சேற்றைக் கொத்தியவண்ணம் ஓடித் திரியும். அவற்றின் எடை ஏறத்தாழ 25 கிராமே. பிறந்தகமோ வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளி!

குளிர்காலத்தில் அந்நிலம் உறைந்துபோகும். பூச்சியும் புழுவும் கிட்டா. குளிரினும் பசியே அவற்றைத் தெற்கே செலுத்துகிறது. அவ்வாண்டு பிறந்த இளம்பறவைகள் பெற்றோருக்குப் பின்னரே, அவர்தம் துணையின்றிப் புறப்பட்டு வருகின்றன என்பது வியப்பன்றோ?

நம் கடல் நாள்தோறும் இருமுறை விலகி, புழுக்கள் மலிந்த சேற்றைத் திறந்து வைக்கிறது. அதை உண்டு பறவைகள் இளைப்பாறுகின்றன. பழைய இறகுகளை உதிர்த்துப் புதியன பெறுகின்றன. புறப்படுமுன் உடலில் கொழுப்பைச் சேமிக்கின்றன. அக்கொழுப்பே நெடும்பயணத்திற்கு எரிபொருள். விளையாட்டாக ஒரு கல்லெறிந்தாலும், கூட்டம் அஞ்சிப் பறந்து அச்சேமிப்பை வீணே செலவிடும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாயின. எனினும் ஊரோரச் சேற்றுக்கரையைக் காக்க வேண்டியவர் அங்கு வாழ்வோரே. அயலூரில் குளிர்காலத்தை இனிது கழிக்க இவ்விருந்தினருக்கு வேண்டுவன இரண்டு: உணவும் அமைதியும். முன்னதைக் கடல் தருகிறது. பின்னதை நாம் தருவோம்.