பள்ளிப் பருவமும் ஊராட்சிப் பணியும்

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது நம் உழவர் பெருமக்கள் வழிவழியாகப் போற்றிவரும் விதி. பட்டம் தவறிய விதை முளைத்தாலும் முழுப் பலன் தருவதில்லை. உழவுக்குப் பட்டம் இருப்பது போலவே பள்ளிக்கும் ஒரு பட்டம் உண்டு. ஜூன் திங்களில் பள்ளி திறந்தது முதல் டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வரும் வரையுள்ள காலமே அது. பாடங்கள், விளையாட்டுப் போட்டிகள், கலை நிகழ்ச்சிகள், மன்றக் கூட்டங்கள், தொண்டுப் பணிகள் யாவும் இக்காலத்தில்தான் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேருகின்றன.

இதே திங்கள்களில் ஊராட்சிக்கும் வேலை மிகுதி. மழைக்கு முன் வாய்க்கால்களைத் தூர்வாருதல், மரக்கன்று நடுதல், கொசு ஒழிப்பு, மூன்று கிராம சபைக் கூட்டங்கள் ஆகிய எல்லாம் இதற்குள் அடங்குகின்றன. ஆயினும் பள்ளியின் நிகழ்ச்சி நிரலும் ஊராட்சியின் நிகழ்ச்சி நிரலும் பெரும்பாலான ஊர்களில் ஒன்றையொன்று அறியாமலே நடந்து முடிகின்றன. இவ்விரண்டையும் பொருத்துவது எவ்வாறு, பொருத்தாவிடில் வரும் நட்டம் யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெமிலிச்சேரி போன்ற ஊர்களின் நிலை

பூவிருந்தவல்லி வட்டாரத்து நெமிலிச்சேரியை எடுத்துக்கொள்வோம். சென்னை–அரக்கோணம் இரயில் பாதையில், ஆவடிக்கும் திருநின்றவூருக்கும் இடையே அமைந்த ஊர் இது. வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்குச் செல்லும் வெளிவட்டச் சாலையின் முதற்பகுதி நெமிலிச்சேரி வரை அமைக்கப்பெற்று, 2014-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. ஒரு பக்கத்தில் ஆவடி 2019-இல் மாநகராட்சியாயிற்று. மறுபக்கத்தில் திருநின்றவூர் 2021-இல் நகராட்சியாயிற்று. நெல் விளைந்த நிலங்களில் இன்று மனைப் பிரிவுகள் எழுந்துள்ளன.

இத்தகைய ஊர்களில் பழங்குடியினரான உழவர் குடும்பங்களும், வேலை நிமித்தம் புதிதாகக் குடியேறிய குடும்பங்களும் அருகருகே வாழ்கின்றனர். எந்த வாய்க்கால் எந்த ஏரிக்கு நீர் கொணர்கிறது என்பதை ஊர்ப் பெரியோர் அறிவர். புதிதாக வந்தோர் அறியார். அறியாமையால் வாய்க்காலில் குப்பை சேர்கிறது; மண் மேடிடுகிறது; வழி அடைபட்ட நீர் வீடுகளைத் தேடி வருகிறது. 2015-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் திங்கள்களின் பெருமழையில் திருவள்ளூர் மாவட்டம் பட்ட துன்பத்தை எவரும் மறந்திருக்கமாட்டார்கள்.

இவ்விரு சாராரும் நாள்தோறும் கூடும் பொது இடம் பள்ளி ஒன்றே. உயர்நிலைப் பள்ளியில் 6 முதல் 10 வரையுள்ள வகுப்புகளில் இரு சாராரின் பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து படிக்கின்றனர். ஊரைப் பற்றிய அறிவு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவதற்கு எஞ்சியுள்ள வாயில் அதுவே. ஊரின் நிர்வாகப் பெயர் நாளை மாறக்கூடும். ஆனால் ஏரியும் வாய்க்காலும் பள்ளியும் அங்கேதான் இருக்கும். மாணவர் பணிகளை வெறும் பொழுதுபோக்காகக் கருதலாகாது என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

கடம்பத்தூர் காட்டிய வழி

பள்ளியும் ஊரும் கைகோத்தல் நமக்குப் புதிதன்று. அதே இரயில் பாதையில், திருவள்ளூருக்கு அப்பால் உள்ளது கடம்பத்தூர். பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராகவும், திரு. நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் பொதுக் கல்வி இயக்குநராகவும் விளங்கிய காலத்தில், பள்ளிச் சீரமைப்பு இயக்கம் 1958-ஆம் ஆண்டில் முதன்முதலாக அவ்வட்டாரத்தில்தான் உருப்பெற்றது. பள்ளிக்கு இன்னின்ன குறைகள் உள்ளன என்று முதலில் பட்டியல் எழுதப்பட்டது. பின்னர் ஊரார் கூடி, அவரவர் இயன்றதை ஏற்றுக்கொண்டனர். நிலம் தந்தோர் உண்டு. கட்டடம் தந்தோர் உண்டு. கரும்பலகையும் இருக்கையும் தந்தோர் உண்டு. அம்முறை பின்னர் மாநிலமெங்கும் பரவியது.

அன்று ஊர் பள்ளிக்குக் கொடுத்தது. அதனால் பள்ளி ஊரார் சொத்தாயிற்று. இன்று கட்டடத்திற்கும் சீருடைக்கும் அரசு வகை செய்கிறது. ஆதலின் ஊரார் தர வேண்டியது வேறு வகைப்பட்டது: தம் நேரம், தம் அனுபவ அறிவு, தம் மேற்பார்வை ஆகியனவே அவை. அவற்றை ஏற்றுப் பள்ளியும் ஊருக்குத் திருப்பித் தரவியலும்.

பருவத்தின் நிகழ்ச்சி நிரல்

இனிப் பள்ளியின் பருவத்தைத் திங்கள் வாரியாகக் காண்போம். ஜூலை 15-ஆம் நாள் காமராசர் பிறந்த நாள். அது கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதனையொட்டிப் பேச்சு, கட்டுரை, ஓவியப் போட்டிகள் நடைபெறும். குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளும் பருவத்தின் முற்பகுதியிலேயே தொடங்கிவிடுகின்றன. ஆகஸ்டு 15 விடுதலை நாள். செப்டம்பரில் ஆசிரியர் நாளும் காலாண்டுத் தேர்வும் வருகின்றன. 2022–23 கல்வியாண்டு முதல் நடைபெறும் கலைத் திருவிழா, பள்ளி அளவில் தொடங்கி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக உயர்கிறது. நவம்பர் 14 குழந்தைகள் நாள். இவற்றினூடே இலக்கிய மன்றம், அறிவியல் கற்பிக்கும் வானவில் மன்றம், தேசிய பசுமைப் படை, சாரண சாரணியர் இயக்கம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் ஆகியனவும் இயங்குகின்றன.

இனி ஊராட்சியின் நாள்களைக் காண்போம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடத்துவதென 2022-இல் முறை வகுக்கப்பட்டது. அவற்றுள் ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய மூன்றும் பள்ளிப் பருவத்திற்குள்ளேயே அமைகின்றன. கிராம சபையின் உறுப்பினர் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றோரே; மாணவர்களுக்கு அங்கு வாக்கு இல்லை. ஆனால் அவர்கள் தொகுத்த செய்தியைச் சபையோர் முன் படித்துக்காட்டுவதற்கு என்ன தடை? நகர்ப்புறமாக மாறும் இடங்களிலும் பகுதி சபைகள் கூடுகின்றன. அங்கும் இம்முறை பொருந்தும். ஆகஸ்டில் ஒரு பணியை ஏற்று, அக்டோபரில் அதன் நிலையைச் சொல்லி, நவம்பரில் கணக்கு ஒப்படைப்பது என்று வைத்துக்கொண்டால், இரு நிரல்களும் தாமே பொருந்திவிடுகின்றன.

மழைக் கணக்கு என்னும் பணி

எத்தகைய பணி ஏற்றது என்று வினவுவோர்க்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறோம். அடி தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள ஒரு பாத்திரமும் ஓர் அளவுகோலும் இருந்தால், பள்ளியிலேயே மழையை அளக்கலாம். மரத்தின் நிழலோ கட்டடத்தின் மறைவோ படாத திறந்த வெளியில் பாத்திரத்தை வைத்தல் வேண்டும். அருகிலுள்ள மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவேனும் தள்ளியிருத்தல் நன்று. வானிலைத் துறையினர் மழை அளக்கும் நேரமான காலை 8.30 மணிக்கே நாள்தோறும் அளந்து குறித்து, பாத்திரத்தைக் கவிழ்த்துவிட வேண்டும்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். ஆகவே 10 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர் நீரைத் தருகிறது. 100 சதுர மீட்டர் உள்ள கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் விழுகிறது. இக்கணக்கை 8-ஆம் வகுப்பு மாணவர் எளிதில் போட்டுவிடுவர். மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது ஏன் என்பதைச் சொற்பொழிவு ஏதுமின்றியே அவர்கள் உணர்ந்துகொள்வர்.

இத்துடன் வாரம் ஒருமுறை பள்ளிக் கிணற்றின் நீர்மட்டத்தை, ஆசிரியர் உடனிருக்க, முடிச்சிட்ட கயிற்றால் அளந்து குறிக்கலாம். மழை பெய்த அளவும் கிணறு ஏறிய அளவும் ஒரே தாளில் எழுதப்பட்டு நவம்பர் 1 சபையில் படிக்கப்படுமாயின், அடுத்த பயிர் எது என்று தீர்மானிக்கும் உழவர்க்கும், குடிநீர் வழங்கும் ஊராட்சிக்கும் அது பயன்படுமன்றோ?

இதே முறையில் மேற்கொள்ளத்தக்க வேறு பணிகளும் உள. டெங்கு பரப்பும் கொசு, தேங்கிய நல்ல நீரில் முட்டையிட்டு, ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் முழுக் கொசுவாகிறது. ஆகவே வாரம் ஒருமுறை தொட்டியையும் பழைய பாத்திரங்களையும் கவிழ்த்துத் துடைத்தல் வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தத்தம் வீட்டில் இதனைச் செய்து, பள்ளியில் குறித்து வைக்கலாம். பனை விதை சேகரித்து அக்டோபர் மழைக்கு முன் ஊன்றுதலும் ஏற்ற பணியே. ஏரிக்கரையில் ஊன்றுவதாயின் உரியோர் இசைவு பெறுதல் வேண்டும். 40 ஹெக்டேருக்கு உட்பட்ட ஆயக்கட்டு உடைய ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு.

பிள்ளைகள் செய்து காட்டினால் பெரியோரும் பின்பற்றுவர் என்பதற்கு அயல்நாட்டுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் 1902-இல் கிரஹாம் என்னும் பள்ளிக் கண்காணிப்பாளர் கிராமப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு சங்கம் அமைத்தார். அவர்கள் மக்காச்சோளமும் காய்கறியும் பயிரிட்டனர், மண்ணைச் சோதித்தனர். புதிய முறைகளை ஏற்கத் தயங்கிய உழவர்கள், தம் மக்களின் சிறு பாத்தியில் விளைந்ததைக் கண்டு மனம் மாறினர். இத்தகைய சங்கங்களே பின்னர் அந்நாடெங்கும் பெரிய இயக்கமாக வளர்ந்தன.

நாம் கற்ற பாடம்

குறைகளையும் மறைக்காமல் கூறுதல் முறையாகும். முன்னர் நாம் பணியாற்றிய ஓர் ஊரில், மாணவர்களைக் கொண்டு சாலையோரம் மரக்கன்றுகள் நட்டோம். விழா சிறப்பாக நடந்தது, நிழற்படமும் எடுத்தோம். ஆனால் கூண்டு வைப்பவர் யார், கோடையில் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்பதை எழுதி வைக்கத் தவறினோம். அடுத்த ஆண்டு மீண்டும் கன்றுகளுடன் சென்றபோது ஒரு மாணவி, “ஐயா, போன வருடக் குழியிலேயே நடலாமா, புதுக் குழி தோண்ட வேண்டுமா?” என்று கேட்டாள். அவள் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். நாம் விடை சொல்ல நாணி நின்றோம். கன்றுகள் பட்டுப்போனது ஒரு நட்டம். பொதுப்பணி என்பது ஒரு நாள் விழா என்று அப்பிள்ளைகள் கற்றுக்கொண்டது அதனினும் பெரிய நட்டம். அதன் பின்னர், பொறுப்பாளர் பெயர் எழுதப்படாத எப்பணியையும் மாணவர்க்குக் கொடுப்பதில்லை என்று உறுதி பூண்டோம்.

மாணவர் கூலி ஆட்கள் அல்லர்

மற்றொன்றையும் தெளிவாகக் கூறுதல் வேண்டும். ஊராட்சி செய்ய வேண்டிய வேலையை ஊதியமின்றி முடித்துக்கொள்வதற்கு மாணவர்களைப் பயன்படுத்தலாகாது. சாக்கடை அள்ளுதல், ஆழமான நீர்நிலையில் இறங்குதல், போக்குவரத்து மிகுந்த சாலையில் வேலை செய்தல் ஆகியவை அவர்களுக்கு உரியன அல்ல. விருந்தினரை வரவேற்பதற்காகப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தும் வழக்கத்தையும் நாம் அறவே கைவிடுதல் நன்று. அளத்தல், எழுதுதல், நடுதல், பேணுதல், எடுத்துரைத்தல் ஆகியவையே மாணவர்க்கு ஏற்ற பணிகள். பணியின் முடிவில் அவர்கள் ஏதேனும் ஒன்றைக் கற்றிருக்க வேண்டும், அதுவே உரைகல்.

10-ஆம் வகுப்பினர்க்குப் பொதுத் தேர்வு உண்டு. அவர்களுடைய பெற்றோர் கொள்ளும் கவலை நியாயமானதே. ஆதலின் பணியின் பெரும்பகுதியை 8, 9-ஆம் வகுப்பினர் ஏற்கட்டும். வாரத்தில் ஒரு பிற்பகலுக்கு மேல் வேண்டா. தேர்வுக்கு முந்தைய இரு வாரங்களில் எதுவும் வேண்டா.

ஊராட்சியினர் செய்ய வேண்டியவை

1. ஜூன் திங்களிலேயே தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவினரையும் சந்தித்து, இரு நிகழ்ச்சி நிரல்களையும் ஒரே தாளில் எழுதுதல். இக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேரேனும் பெண்களாகவும் இருத்தல் வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. உள்ளாட்சியினருக்கும் அதில் இடமுண்டு. அவ்விடம் வெறுமையாக இராதிருக்கட்டும்.

2. ஒரு பருவத்திற்கு ஒரே ஒரு பணியைத் தேர்ந்து, அதற்குப் பொறுப்பான பெரியவர் ஒருவரின் பெயரைக் குறித்தல்.

3. விளையாட்டுப் பயிற்சியும் கலை ஒத்திகையும் மாலையில் நீளும் நாள்களில், மாணவியர் பாதுகாப்பாக வீடு திரும்ப வகை செய்தல். தெருவிளக்கு எரியாத ஒரு வழியே ஒரு மாணவியின் பங்கேற்பை நிறுத்திவிடப் போதுமானது.

4. பள்ளிக் கழிப்பறையில் நாள் முழுதும் தண்ணீர் இருக்கச் செய்தல். இதனைச் செய்யாமல் வேறெந்த உதவி செய்தும் பயனில்லை.

5. வாய்க்கால் வழிகளையும் பழைய ஏரிப் பெயர்களையும் அறிந்த முதிய உழவர் ஒருவரைப் பருவத்தில் ஒருமுறையேனும் வகுப்பிற்கு அழைத்துவரச் செய்தல்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. மனமும் முன்யோசனையும் இருந்தால் போதும். மாணவர் தொகுத்த மழைக் கணக்கை ஒரு சிறுமி சபை நடுவே நின்று படிக்கும்போது, பழைய குடியினரும் புதிய குடியினரும் ஒருங்கே அமர்ந்து கேட்பார்கள். தம் ஊர் வாய்க்காலின் பெயரைச் சிலர் அன்றுதான் முதன்முறையாக அறிவார்கள். வரும் ஜூன் திங்களில் பள்ளி திறக்கும்போது, அன்பர்கள் பட்டம் தவறாமல் இவ்விதையை ஊன்றுவார்களாக.